கதவுக்குப் பின்னால்

"தட்டுறாங்க," என்றாள் மனைவி.

கணவன் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தான். "எட்டுப் பேர் நிக்கிறாங்க."

"நான் ஊர்ல இல்லைன்னு சொல்லிடுங்க."

"செருப்பு வாசல்லயே கிடக்கு. பூனை கண்ணை மூடிக்கிட்டா உலகம் இருண்டுடுமா?"

வெளியே ஒரு பெண் குரல் கேட்டது. "அக்கா, உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். நம்ம யுகுலேலே குழுவை நாங்க எட்டுப் பேரும் ஆளுக்கு ஒரு வாரம் நடத்தியாச்சு. இன்னைக்கு உங்க முறை. வரலைன்னா நாங்களே வாசிச்சிடுவோம்."

"முன்னாடி நின்னா எனக்குக் கை நடுங்கும்," என்று அவள் கணவனிடம் கிசுகிசுத்தாள்.

யுகுலேலே என்ற அந்தக் குட்டி கித்தார்கள் எட்டும் வாசலில் தாறுமாறாக ஒலித்தன. அவள் காதைப் பொத்தினாள். பொறுக்க முடியாமல் கதவருகே போனாள்.

"நிறுத்துங்க. ஏன் இப்படி ஆளுக்கொரு வேகத்துல வாசிக்கிறீங்க? நான் எண்ணி முடிச்சதும் சேர்ந்து ஆரம்பிங்க."

அவள் எண்ணத் தொடங்கினாள். கணவன் சத்தமில்லாமல் தாழ்ப்பாளை விலக்கினான்.