பாதிப் புழு

காகத்துக்கு இறக்கையில் அடிபட்டது உண்மைதான். அது ஆறி எவ்வளவோ நாளாகிவிட்டதும் உண்மைதான். ஆனாலும் முருங்கைமரத்தின் தாழ்ந்த கிளையில், ஒரு பக்க இறக்கையைத் தொங்கப்போட்டபடியே உட்கார்ந்திருந்தது. எதிர்ச்சுவர்ப் பொந்தில் குடியிருந்த மைனா, தன் குஞ்சுக்குக் கொண்டுவரும் புழுவில் பாதியை இதற்கும் ஊட்டிவிட்டுப் போகும். அந்தச் சுகத்தை விட்டுவிடக் காகத்துக்கு மனம் வரவில்லை.

"வலி எப்படி இருக்குண்ணே?"

"அதை ஏன் கேக்குற தங்கச்சி, உசிரு போகுது."

ஒருநாள் மைனா இரைதேடப் போயிருந்தபோது, பொந்து வாசலில் எட்டிப்பார்த்த குஞ்சின்மேல் வல்லூறு பாய்ந்தது.

"மாமா!" என்று குஞ்சு அலறியது.

ஒரே தாவில் போய்க் கொத்தி விரட்டியிருக்கலாம். இறக்கை பாதி விரிந்தும்விட்டது. அப்போதுதான் தூரத்தில் மைனா வருவது காகத்தின் கண்ணில் பட்டது. விரிந்த இறக்கை மெல்லத் தொங்கிக்கொண்டது.

சாயங்காலம்வரை அழுதுவிட்டு மைனா பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"நீ என்ன பண்ணுவ, பாவம். இறக்கை நல்லா இருந்திருந்தா எம்புள்ளய விட்டிருப்பியாண்ணே?"

குஞ்சுக்கென்று கொண்டுவந்திருந்த புழுவை எடுத்துக் காகத்தின் வாயில் வைத்தது. இந்த முறை முழுப் புழு.