குட்டைக் கால்

ஜமுனாமரத்தூர் சந்தையில் கம்பெனிக்காரர் இறக்கி வைத்த சாமை குத்தும் மிஷினைப் பார்த்ததும் மாதையனுக்கு வயிறு எரிந்தது.

அவனும் சாமை குத்த ஒரு மிஷின் செய்தவன்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிப் போன இதே கம்பெனி, 'உபயோகமில்லை' என்று ஒரு வரி எழுதிப் போட்டதோடு சரி.

இதுவோ தகர மூடியும் சிவப்புப் பெயிண்டுமாகப் பளபளத்தது. கட்டின பெண்டாட்டி பச்சையம்மாவே வாயைப் பிளந்துகொண்டு நின்றாள்.

"இன்னா இருந்தாலும் படிச்சவங்க செஞ்சது தனிதான்," என்றாள்.

மாதையனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதாவது குறை கிடைக்காதா என்று குனிந்து பார்த்தான்.

"சார், ஒரு காலு குட்டையா கீதே! ஆடுது பாருங்க."

"அது மலைக்காட்டுக்குன்னு எங்க இன்ஜினீயருங்க ரெண்டு வருஷம் ஆராய்ச்சி பண்ணி வச்ச கால்யா. உனக்கு எங்க புரியப் போகுது?"

மாதையன் அந்தக் கால் எவ்வளவு குட்டை என்று விரலால் அளந்தான்; சரியாக நாலு விரல். எரிச்சல் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது.

"பச்சே, நம்ம வூட்டு அடுப்பாண்ட பாறை ஒண்ணு துருத்திக்கினு கீதே, அது எம்மாம் ஒசரம்?"

"நாலு விரக்கடை. அதுக்காவத்தானே நீ மிஷினுக்கு ஒரு கால மட்டும் அறுத்தே?" என்றவள், மெதுவாகக் கம்பெனிக்காரர் பக்கம் திரும்பினாள்.