பையின் கேள்விகள்

ஒரே நாளில் மலைக்குப் போய்வரத் தணிகைவேல் பைக்கில் கிளம்பினான். பின்சீட்டில் ரப்பர் கயிறு இறுக்கிப் பிடித்திருந்த பை, வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தது.

"மழை வந்தா?"

வண்டியை நிறுத்தி, மழைக்கோட்டு வாங்கித் திணித்தான்.

"பஞ்சரானா?"

காற்றடிக்கும் பம்பும் வாங்கினான்.

"போதும்டி, என் கொக்கி நிமிருது. அவனுக்கு உட்கார இடமில்ல" என்றது கயிறு.

மலை வளைவில் பை மெதுவாகக் கேட்டது: "நீ விழுந்துட்டா?"

வண்டி நின்றது. அதற்கு என்ன வாங்குவதென்று அவனுக்குத் தெரியவில்லை.

"உள்ள வந்துடு, ராசா. பத்திரமா இருப்ப." பை ஜிப்பைத் திறந்தது.

சற்றுக் கழித்து வண்டி கேட்டது: "இறங்கிட்டானா? எடை குறையலையே."

கயிறு நடுங்கியது. "பத்திரமாத்தான் இருக்கான். உள்ளயிருந்து தட்டுறான், கேக்கலையா?"