துடைத்து வைத்த பலகை

மாமனார் காலத்திலிருந்து பூவாயி வீட்டார் உழுதுவரும் சோளக்காட்டில் யாரோ ஒரு பலகையை நட்டுவிட்டுப் போய், ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. அரசாங்கம் ஏதோ நல்லது செய்யப்போகிறது என்றே அவள் நினைத்திருந்தாள். ஆட்டை அதில்தான் கட்டினாள்; சேறு தெறித்தபோதெல்லாம் எழுத்துகளை முந்தானையால் துடைத்துவிட்டாள். இன்று முள்கம்பிச் சுருளோடு வந்திறங்கிய ஆள், "இந்தக் காடு எங்க முதலாளி பேர்ல இருக்குது. ஆட்சேபணை இருந்தா ஒரு மாசத்துல சொல்லோணும்னு எழுதி வெச்சிருந்தமே, நீ ஏன் வாயத் தொறக்கல?" என்றான்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

"தெரிஞ்சவங்களக் கேக்கறதுக்கென்ன?"

"எங்க தெருவே வந்து பாத்துதுங்க," என்றாள் பூவாயி. "எழுத்து முத்து முத்தா இருக்குதுன்னாங்க."

அவன் குழி தோண்டத் தொடங்கினான். அவள் ஆட்டை அவிழ்த்தாள். போகிறபோது, பலகையில் ஒட்டியிருந்த புழுதியைப் பழக்கதோஷத்தில் முந்தானையால் துடைத்தாள்.