ஐந்தாவது பீரியட்

சொல்லிச் சொல்லிக் கம்ப்யூட்டர் டீச்சருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது. "பிள்ளைங்க கையில ஸ்மார்ட் பட்டை கட்டி, நாடித்துடிப்பு, தூக்கம்னு வேவு பாக்குறது தப்பு மேடம்!"

"மறைக்க என்ன இருக்கு?" தலைமையாசிரியை குதிக்காத குறையாகக் கம்ப்யூட்டர் திரையைத் தட்டினார். "பாருங்க! நேத்து அஞ்சாவது பீரியட்ல எட்டாம் வகுப்பு மொத்தமும் தூக்கம்! யாரு எடுத்த வகுப்பு? பேரைச் சொல்லுங்க, நோட்டீஸ் போர்டுல ஒட்டி மானத்தை வாங்கிடறேன்!"

டீச்சர் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"அறிவியல் சார் லீவு மேடம். அவருக்குப் பதிலா நீங்கதான் போனீங்க. இந்தப் பட்டையோட அருமை பெருமையைத் தலையைத் தூக்காம பத்துப் பக்கம் படிச்சீங்களே..."

தலைமையாசிரியை சட்டென்று திரையை அணைத்தார்.

"நீங்க சொன்னதுதான் சரி டீச்சர். பிள்ளைங்க தூங்குறதை எட்டிப் பாக்கலாமா? மகா பாவம்! எல்லாத்தையும் இப்பவே கழட்டிடுங்க!"