போனுக்கு மட்டும் சார்ஜ்

“வண்டிய எடுக்க வர்றாரா, இல்ல கல்லெடுத்துக் கண்ணாடிய உடைக்கட்டுமா?” ஆறாவது மாடிப் பெண்மணி கும்ஹீ காவலாளியிடம் கத்திக்கொண்டிருந்தார். காதில் வைத்த போனில் மணி போய்க்கொண்டே இருந்தது. அதே மணி, அவர் வண்டியை மறித்து நின்ற அந்தப் பழைய காருக்குள்ளிருந்தும் கேட்டது.

தென்கொரியாவின் தேஜான் நகரத்து அந்தப் பழைய குடியிருப்பில், நிறுத்திய வண்டிகளுக்குக் குறுக்கே இன்னொரு வரிசை நிற்பது வழக்கம்தான். அப்படி நிறுத்துகிறவர்கள் முன்கண்ணாடியில் போன் நம்பரை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டுப் போவார்கள். வேண்டியவர்கள் தள்ளிவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பியோன் என்பவர் மட்டும் நம்பரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்துவிட்டு, கைப்பிரேக்கையும் இழுத்துவிட்டுப் போவார்.

அதனால் மூன்று மாதமாகக் காலையில் கும்ஹீ கூப்பிட்டுத் திட்டுவதும், பியோன் இறங்கி வந்து அசடு வழிவதும், வண்டியை எடுத்துக்கொண்டு அப்படியே கடைக்குப் போவதுமாக இருந்தது.

“நேத்து சாயங்காலம் அந்தக் கோடியில மூணு இடம் காலியா கிடந்தது. இந்த வண்டி மட்டும் நேரா உங்க வண்டி முன்னாடிதான் வந்து நின்னுச்சு. வண்டி பழசாச்சே, மாடு மாதிரி தடம் பழகிடுச்சு போல” என்றார் காவலாளி.

சத்தம் கேட்டுப் பியோன் ஈரத் தலையோடு ஓடி வந்தார். “மன்னிச்சுக்குங்க. போன் வண்டியிலேயே இருந்துடுச்சு.”

பியோனின் மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. கடைவீதியில் மூக்குக்கண்ணாடி விற்கிற அவருக்கு, கும்ஹீயின் திட்டுதான் நாளின் முதல் பேச்சு. போன வாரம் ஒரு நாள் சார்ஜ் இல்லாமல் போன் அணைந்துபோக, அந்தத் திட்டெல்லாம் காவலாளிக்குப் போய்விட்டது. அன்று முழுக்கப் பியோனுக்குச் சோறு இறங்கவில்லை.

அதிலிருந்து காரில் ஏறியதும் முதல் வேலை, சிகரெட் பற்றவைக்கும் துளையில் சார்ஜரைச் செருகுவதுதான். துளை லொடலொடவென்று ஆடும், காகிதத்தை மடித்து முட்டுக்கொடுத்திருந்தார். சாவியை எடுத்த பிறகும் அதில் கரண்ட் வரும். ‘நாளைக்கு எப்படியும் கும்ஹீயை நூடுல்ஸ் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவது’ என்று நேற்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தவர், போனைச் சார்ஜிலேயே விட்டுவிட்டு மாடியேறிவிட்டார்.

“மூணாவது மாடிக்காரரே, என் நம்பருக்கு என்ன பேர் போட்டிருக்கீங்க?” கும்ஹீ கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தபடி கேட்டார்.

“சும்மா… ஆறாவது மாடின்னு…”

“‘கட்டாயம் எடுக்கணும்’னு வருது.”

பியோனின் காது சிவந்தது. அவசரமாக உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி திருகினால் அதுவும் வரவில்லை.

“ராத்திரி பூரா போனுக்கு ஊட்டிட்டு, வண்டி பட்டினி கிடந்துடுச்சு” என்று காவலாளி சிரித்தார்.

இன்னொரு வண்டியின் பாட்டரியிலிருந்து கரண்ட் எடுக்கும் ஜம்பர் ஒயரைப் பியோன் டிக்கியிலிருந்து எடுத்தார். “உங்க வண்டி பானெட்ட மட்டும் திறங்க. ரெண்டே நிமிஷத்துல எடுத்துடறேன்.” கும்ஹீயின் வண்டிமேல் மெத்தையாகக் கிடந்த கிங்கோ மரத்து இலைகளைக் கையால் வழித்துத் தள்ளினார். அடியில் இருந்தவை மக்கி ஒட்டிக்கொண்டிருந்தன. “ஒரே ராத்திரியில எவ்வளவு கொட்டியிருக்கு பாருங்க.”

காவலாளி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். கும்ஹீ பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார்.

“என் வண்டியெல்லாம் வேணாம். இன்ஷூரன்ஸ்காரங்க அனுப்புற மெக்கானிக்கக் கூப்பிடுங்க” என்றார் கும்ஹீ.

“அவன் வர ஒரு மணி நேரம் ஆகும். உங்களுக்கு நேரமாயிடுமே.”

“எனக்கொண்ணும் அவசரமில்ல.”

“தினமும் தலை போற அவசரம்னுதானே திட்டுவீங்க?”

கும்ஹீ கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் இப்படி வாயடைத்து நின்று பியோன் பார்த்ததில்லை. கோபம் முற்றிவிட்டது என்றே நினைத்துக்கொண்டார். கூப்பிட்டுத் திட்டவும் மனமில்லாமல் போய்விட்டால் அப்புறம் தனக்கு என்ன இருக்கிறது என்று அவருக்குப் பயமாகிவிட்டது.

“சரிங்க, உண்மையச் சொல்லிடறேன். இடமில்லாம இங்க நிறுத்தல. நிறுத்தினா நீங்க போன் பண்ணுவீங்கன்னுதான் நிறுத்தினேன். கைப்பிரேக்கும் மறதியில போட்டதில்ல. உங்கள இத்தனை நாள் அலைக்கழிச்சது தப்புதான். நாளையிலருந்து அந்தக் கோடியில போட்டுக்கறேன். இந்த ஒரு தடவை மட்டும் உங்க பாட்டரியக் குடுங்க.”

காவலாளி திடீரென்று இலை கூட்டப் போய்விட்டார்.

கும்ஹீ தரையைப் பார்த்தபடி, பூசியிருந்த உதட்டுச் சாயத்தையும் மிஞ்சி முகம் சிவக்க, மெல்லச் சொன்னார்.

“என் வண்டி போன குளிர்லயே செத்துடுச்சு, நான் தினமும் பஸ்லதான் போறேன்.”