மஞ்சள் பொத்தான்

வேறு பழைய சாமானே கிடைக்கவில்லையா இவனுக்கு? இதையா தேடிப்பிடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்க வேண்டும்?

அம்மா நறுக்கிக்கொண்டிருந்த பீன்ஸின் மேல் தலையைக் குனிந்துகொண்டாள். கூடத்து மூலையில் ஆள் உயரத்துக்கு நின்றது அந்த வீடியோ கேம் பெட்டி. மகன் அதன் முதுகுப் பலகையைக் கழற்றி, உள்ளே தலையை விட்டு, அறுந்த ஒயர்களை ஈயம் உருக்கிப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

தெருமுனை கேம் கடையை மூடியபோது பழைய இரும்புக்குப் போன பெட்டி. எந்தக் கிடங்கில் கிடக்கிறதென்று விசாரித்து, வண்டி வைத்து ஏற்றி வந்திருந்தான். விடுமுறை நாளெல்லாம் அதற்கே போனது. எலி கடித்த ஒயர், கறையான் அரித்த அடிப்பலகை, உயிர் போன பிக்சர் டியூப் என்று ஒவ்வொன்றாக மாற்றினான்.

மருமகளுக்கு ஒரே வேடிக்கை. "பள்ளிக்கூடம் விட்டா நேரா அந்தக் கடைக்குத்தான் போவாராமே, அத்தை? இருட்டுற வரைக்கும் அங்கயேதான் கிடப்பாராம். இவரே சொன்னாரு."

"ம்" என்றாள் அம்மா.

"நல்லா காதைத் திருகி இழுத்துட்டு வந்திருப்பீங்க."

பெட்டிக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் மட்டும் வந்தது. அம்மாவுக்குக் காது மடல்வரை சுட்டது.

சொல்லிவிடுவானோ என்று, அவர்கள் இருவரும் பேசும்போதெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டாள். 'எங்க அத்தை மாதிரி கண்டிப்பா வளக்கணும்' என்று மருமகள் தன் தோழிகளிடம் போனில் பெருமையடிப்பதை அவள் கேட்டிருக்கிறாள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

பக்கவாட்டுப் பலகையில் இருந்த படம் வெளிறிப் போயிருந்தது. மகன் பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, எதையும் பார்க்காமல் மளமளவென்று வரைந்துவிட்டான். ராக்கெட், அதன் வால் நெருப்பு, நெருப்பின் ஓரத்தில் ஒரு கோணல் நட்சத்திரம், எல்லாம் அச்சு அசல். கண்ணை மூடினால் இதுதான் தெரியும் என்றான்.

முன்பக்கத்துக்கு வந்தபோதுதான் தடுமாறினான். மஞ்சள் பொத்தான் இடப்பக்கம் இருக்க வேண்டும், சிவப்பு வலப்பக்கம். அவன் மாற்றிப் பொருத்தினான். அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்கு உயிர் வந்தது. திரை துடித்து அடங்க, நட்சத்திரங்கள் மிதந்தன. அந்தப் பழைய சத்தம் கூடத்தை நிறைத்தபோது, அம்மா ஒரு கையால் மறு கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் மகன்தான் ஆடினான். கண்மூடித் திறப்பதற்குள் அவனுடைய ராக்கெட் வெடித்தது.

"இருட்டுற வரைக்கும் கிடந்து இதைத்தான் கத்துக்கிட்டீங்களா?" என்று மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மகன் சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் பெட்டிக்கு முன்னால் போட்டான். அதன் தூசியை உள்ளங்கையால் துடைத்தான்.

"நீ வாம்மா. ஒரே ஒரு ஆட்டம். நான் பக்கத்துலயே நிக்கிறேன்."

அந்தக் குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

"அத்தைக்கு இதெல்லாம் என்ன தெரியும்? விடுங்க, பாவம்" என்றாள் மருமகள்.

அம்மா எழுந்து வந்தாள். முக்காலியில் உட்காரவில்லை. பொத்தான்களைத் தொடாமல், அவற்றின் மேல் விரலை மட்டும் நீட்டி, ரெண்டும் மாறியிருக்கு என்றாள். மருமகளின் சிரிப்பு பாதியில் நின்றது. அம்மா மகனின் முகத்தை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாம்ப்பா. அப்புறம் பழையபடி நீ கடை வாசல்ல நின்னு, 'பசிக்குது, வீட்டுக்கு வாம்மா'ன்னு அழணும்."